என் பெயர் அஞ்சலைதான்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னார்கள். நான் "அஞ்சலி" என்று எழுதினேன். பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் என் பெயர் அஞ்சலை. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். "லை"யை "லி" ஆக்கிவிட்டால், தோட்டத்து லயத்திலிருந்து நேராக நகரத்துக்கு வந்துவிட்டது போல ஒரு நிம்மதி.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் சிலருக்காவது இந்த நிம்மதி என்னவென்று தெரிந்திருக்கும். முனியம்மா, மாரியாயி, பச்சையம்மா, செங்கேணி, அஞ்சலை. இப்படி ஒரு பெயர் உங்களுக்கே இல்லாவிட்டாலும், வீட்டுச் சுவரில் மாலை போட்டிருக்கும் படத்துக்குக் கீழே இருக்கும். அந்தப் பெயரைப் பள்ளியில் ஒருவர் சத்தமாகச் சொன்னால் நம் காது சூடாகும்.

தமிழ்ப்பள்ளியில் என்னை "போஸ்டாபீஸ்" என்று கூப்பிட்டார்கள். அஞ்சல் தலை, அஞ்சல் அட்டை, அஞ்சல் நிலையம் என்று பாடநூலில் வரும் போதெல்லாம் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் பெயரின் பொருள் யாருக்கும் தெரியாது, தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கே 2008-இல் வந்த "வாரணம் ஆயிரம்" படம் காத்திருந்தது. அதில் என் பெயரைக் கூவிக் கூவி ஆடும் பாட்டு ஒன்று உண்டு. ஓய்வு நேரத்தில் நான் சிற்றுண்டிச்சாலைக்குள் நுழைந்தால் ஒருவன் மேசையைத் தட்டுவான், நான்கு பேர் பாடுவார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நல்ல பாட்டுதான். ஆனால் படிவம் 1 பிள்ளைக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஏம்மா இந்தப் பேரு வச்சீங்க?" என்று அழுதேன். "உங்க பாட்டியைக் கேளு" என்றார் அம்மா.

அஞ்சலை என்பது என் பாட்டியின் அம்மா பெயர். தென் ஆற்காடு பக்கத்திலிருந்து சிறு பிள்ளையாகப் பெற்றோருடன் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். அங்கேயே வளர்ந்து, மரம் சீவி, அங்கேயே கண்ணை மூடினார். நான் அவரைப் பார்த்ததில்லை.

பேராக்கின் பழைய தோட்டங்களில் இந்தப் பெயர் ஏன் இத்தனை இருந்தது என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. மலாயாவின் தோட்டங்களுக்கு ஆள் வந்த மாவட்டங்களின் பெயர்களைப் பாருங்கள்: வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கற்பட்டு, திருச்சி, தஞ்சாவூர், சேலம். ஆற்காட்டுப் பக்கத்து ஊர்களில் அஞ்சலை, அஞ்சலையம்மாள், அஞ்சலாட்சி என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு இருந்த பெயர்கள். விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன் தம் நாவல் ஒன்றுக்கு "அஞ்சலை" என்றே பெயர் வைத்தார். அந்த மண்ணின் பெண்ணைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான பெயர் இருந்திருக்காது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் ஒரு மூட்டை துணியோடு அந்தப் பெயரையும் கொண்டுவந்தார்கள்.

பொருளுக்கு வருவோம். "அஞ்சு" என்ற வினைக்குப் பயப்படு என்று பொருள். பழந்தமிழில் "அஞ்சல்" என்றால் "பயப்படாதே". நாம் இன்று "போகலை", "பார்க்கலை" என்று பேசுகிறோமே, அந்த வாய்ப்பாட்டில் "அஞ்சலை" என்று சொல்லிப் பாருங்கள். "பயப்படலை" என்று காதில் விழும். திருவள்ளுவர் அரசனுக்கு வேண்டிய குணங்களை எண்ணும்போது முதலில் வைப்பது அஞ்சாமையைத்தான்.

நான் அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்ட "அஞ்சலி" வடமொழிச் சொல். கை கூப்புதல் என்று பொருள். நல்ல சொல்தான், நல்ல பெயர்தான், அந்தப் பெயருள்ள தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். ஆனால் தமிழ் நாளிதழில் அந்தச் சொல் அதிகம் வரும் இடம் எது என்று உங்களுக்குத் தெரியும்: கண்ணீர் அஞ்சலி. பயப்படாதவள் என்று காதில் விழும் பெயரைக் கொடுத்துவிட்டு, மரண அறிவித்தலில் வரும் சொல்லை வாங்கிக்கொண்டேன். அதை நாகரிகம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

என் எண்ணத்தை முதலில் அசைத்தது ஒரு மரணச் செய்திதான். 2022 மே 31-ஆம் தேதி, இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணி படையில் இருந்த அஞ்சலை பொன்னுசாமி தமது 102-ஆம் வயதில் மலேசியாவில் காலமானார். இந்தியப் பிரதமர் இரங்கல் தெரிவித்தார். அப்போது நான் படிவம் 5. என் பெயர் நாளிதழில் மரியாதையோடு அச்சாகி அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். அதுவரை என் பெயரில் நான் கேட்டதெல்லாம் பாட்டும் கேலியும்தான்.

ஜான்சி ராணி படை 1943-இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அமைத்தது. தலைமை கேப்டன் லட்சுமி. சேர்ந்தவர்களில் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன இளம் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலேயே அதன் விடுதலைக்காகத் துப்பாக்கி பிடித்தவர்கள் அவர்களில் நிறைய. நம் ஈப்போவில் 1927-இல் பிறந்த ராசம்மா 16 வயதில் அந்தப் படையில் சேர்ந்தார். பின்னாளில் ஆசிரியராகி, ராசம்மா பூபாலன் என்ற பெயரில் ஆசிரியைகளின் சம ஊதியத்துக்காகப் போராடினார். அஞ்சலை, ராசம்மா, ஜானகி, லட்சுமி. அந்தப் படையின் பெயர்ப் பட்டியலும் நம் பாட்டிமாரின் பெயர்ப் பட்டியலும் வேறு வேறல்ல.

இதே காலத்தில் கடலின் அந்தப் பக்கம் இன்னொரு அஞ்சலை இருந்தார். கடலூர் முதுநகரில் 1890-இல் பிறந்த அஞ்சலை அம்மாள். 1927-இல் சென்னையில் ஆங்கிலத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் தம் சிறுமி மகளோடு சிறை சென்றவர். பின்னொரு முறை கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். பேறுகாலத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பெற்றபின் மறுபடியும் சிறைக்கே திரும்பினார். அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர் ஜெயில் வீரன். 1937-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காந்தி அவரைத் தென்னாட்டின் ஜான்சி ராணி என்று பாராட்டினார். கடலூரில் ஓர் அஞ்சலை ஜான்சி ராணி என்று அழைக்கப்பட்டார், மலாயாவில் இன்னோர் அஞ்சலை ஜான்சி ராணி படையிலேயே சேர்ந்தார்.

2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த நடிகர் விஜய் கட்சியின் முதல் மாநாட்டில் அஞ்சலை அம்மாளின் பேருருவப் படம் வைத்திருந்தார்கள். அந்தக் கட்சியைப் பற்றி எனக்கு இங்கே பேச்சில்லை. ஆனால் அந்த வாரம் என்னோடு படிக்கும் நான்கு பேர், "உன் பேருல ஒரு சுதந்திரப் போராட்ட வீராங்கனை இருக்காங்களாமே!" என்று கேட்டார்கள். என்னை "போஸ்டாபீஸ்" என்று அழைத்த தோழி ஒருத்தி புலனத்தில் படத்தை அனுப்பி வைத்தாள்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தலைவர்கள் இருந்தால்தான் ஒரு பெயருக்கு மதிப்பா? இரண்டு வீராங்கனைகளைக் காட்டித்தான் என் பெயரை நான் காப்பாற்ற வேண்டுமா? சட்டமன்றத்துக்கும் போகாமல், துப்பாக்கியும் பிடிக்காமல், காண்டா வாளி தூக்கிய அஞ்சலைகள் எத்தனை பேர்? அவர்களுக்காகவும் இந்தப் பெயர் நிற்க வேண்டாமா?

இந்தக் கேள்வியோடுதான் போன விடுமுறையில் புந்தோங்கில் இருக்கும் பாட்டியிடம் உட்கார்ந்தேன். "உங்கம்மா ரொம்பத் தைரியசாலியா பாட்டி?" என்று கேட்டேன். பெயருக்கு ஏற்ற கதை ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். பாட்டி சிரித்துவிட்டார்.

"எங்கம்மாவா? எல்லாத்துக்கும் பயப்படும். இடிக்குப் பயம், பாம்புக்குப் பயம், தண்டலுக்குப் பயம், துரை வண்டிச் சத்தம் கேட்டாப் பயம். விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சு, பெரட்டுக்குப் போயி, இருட்டுல நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு மரத்துக்கு மரம் ஓடும். பயந்துகிட்டேதான் போகும். போயி வேலைய முடிச்சிட்டுத்தான் வரும்."

ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அண்ணனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பவில்லை. பெற்ற பிள்ளைகளில் இருவரைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போனார். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது அறிவீனம் என்றும் வள்ளுவர்தான் சொல்லியிருக்கிறார். பயம் இல்லாதவர்தான் அஞ்சலை என்று நான் நினைத்திருந்தேன். பயத்தோடு போய் வேலையை முடித்துவிட்டு வந்தவருக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்று பாட்டி புரியவைத்தார்.

கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. வேலி கட்டி, பலகை வைத்து, சுற்றுப்பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். காட்ட வேண்டியதுதான், நாட்டின் வரலாறு அது. ஆனால் அதன் சந்ததியான இலட்சக்கணக்கான மரங்களைச் சீவியவர்களுக்கு எந்தப் பலகை இருக்கிறது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, சில இடங்களில் வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டன. லயங்கள் இடிந்தன. மிச்சம் இருப்பது அவர்களுடைய பெயர் மட்டும்தான். அதையும் நாம் கூச்சத்தோடு மறைக்கிறோம்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பெயரின் பொருள் கெட்டதில்லை. உச்சரிக்கக் கடினமும் இல்லை. என் மலாய்க்கார விரிவுரையாளர் முதல் நாளே வருகைப் பட்டியலைப் பார்த்து "அஞ்சலை" என்று சரியாகக் கூப்பிட்டார். "அஞ்சலி என்றே கூப்பிடுங்கள்" என்று திருத்தியது நான்தான். சீனத் தோழிகளுக்கும் அந்தப் பெயர் மற்ற பெயர்களைப் போல ஒன்று. அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லாரும் நம்மவர்கள். காரணம், அது "தோட்டத்துப் பெயர்". நம் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. நாம் வெட்கப்படுவது பெயருக்காக அல்ல, லயத்துக்காக. லயத்தில் வாழ்ந்தது வெட்கப்பட வேண்டிய விஷயமா? அப்படி வாழவைத்தவர்களல்லவா வெட்கப்பட வேண்டும்?

இன்னொன்றும் கவனித்தேன். இப்போது தூய தமிழ்ப் பெயர் வைக்கும் ஆர்வம் நம்மிடையே வளர்ந்திருக்கிறது. யாழினி, மகிழினி, கயல்விழி, நிலா. மகிழ்ச்சி. ஆனால் நான் பார்த்த எந்தத் தமிழ்ப் பெயர்ப் பட்டியலிலும் அஞ்சலை இல்லை. அதுவும் தமிழ்ச் சொல்தானே? புத்தகத்திலிருந்து வந்த தமிழ் என்றால் அழகு, பாட்டியிடமிருந்து வந்த தமிழ் என்றால் பழசு என்று ஒரு கணக்கு நம் மனத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம்.

இதற்கு மறுப்பு உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழைய பெயர்கள் எல்லாமே திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீட்டில் "வேண்டாம்", "போதும்பொண்ணு" என்று பெயர் வைத்த வழக்கம் நம்மிடமும் இருந்தது. முன்பு பிறந்த பிள்ளைகள் தக்கவில்லை என்றால், பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பம்மா என்று அழைத்தார்கள். எமனுக்கே இந்தப் பிள்ளை பிடிக்காமல் போகட்டும் என்ற தாயின் தவிப்பு அது. அந்தத் தவிப்பை மதிக்கலாம், ஆனால் அந்தப் பெயரை இன்னொரு பிள்ளை சுமக்க வேண்டியதில்லை. 2011-இல் மகாராஷ்டிராவின் சத்தாரா மாவட்டத்தில் "நகுசா", அதாவது வேண்டாதவள் என்று பெயர் வைக்கப்பட்டிருந்த 280-க்கும் மேற்பட்ட சிறுமிகள் ஒரே விழாவில் புதுப்பெயர் பெற்றார்கள். அது நியாயமான பெயர் மாற்றம். அந்தப் பெயர்கள் அந்தப் பிள்ளைகளையே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தன.

என் பெயர் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: ஒரு பெயரை விடுவதானால் அதன் பொருளைப் பார்த்து விடுங்கள். அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பார்த்து விடாதீர்கள்.

"பிள்ளைக்குத்தானே கஷ்டம்? பள்ளியில் கேலி செய்வார்களே?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். நான் பட்டவள், மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு வகுப்பில் ஒரே ஓர் அஞ்சலை இருந்தால்தான் கேலி. இங்கிலாந்தில் ஐவி, எல்சி, ஃபுளோரன்ஸ் எல்லாம் ஒரு காலத்தில் கிழவிகளின் பெயர் என்று ஒதுக்கப்பட்டவை. இன்று அங்கே பிறக்கும் பெண் குழந்தைகளுக்கு மிகவும் விரும்பி வைக்கும் பெயர்களில் அவையும் இருக்கின்றன. அம்மாவின் தலைமுறைப் பெயர் சலித்துப் போகும், கொள்ளுப்பாட்டியின் பெயர் புதிதாக ஒலிக்கும். அங்கே நடந்தது இங்கே நடக்காதா? யாராவது முதலில் வைக்க வேண்டும், வைத்த பெயரை அந்தப் பிள்ளை தயங்காமல் சொல்ல வேண்டும். என் வீட்டில் முதல் பாதி நடந்துவிட்டது. இரண்டாம் பாதியை நான்தான் செய்யாமல் இருந்தேன்.

ஓர் உண்மையை இதுவரை சொல்லவில்லை. 18 வயது ஆனதும் பெயர் மாற்றுவதற்கான பாரத்தை எடுத்து வந்து நிரப்பி வைத்திருந்தேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. புந்தோங்கில் அன்று பாட்டியிடம் அதையும் சொல்லிவிட்டேன். பாட்டி கோபப்படவில்லை.

"மாத்திக்கம்மா, உன் பேரு, உன் இஷ்டம். ஆனா நான் உன்ன எப்படிக் கூப்பிடுறது?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. பாட்டி ஒரு நாளும் என்னை அஞ்சலை என்று கூப்பிட்டதில்லை. பெற்ற தாயின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர். அதனால் நான் பிறந்த நாளிலிருந்து என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். எல்லாப் பாட்டிமாரும் பேத்தியைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார்கள் என்று இருபது வருடம் நினைத்திருந்தேன். அவர் உண்மையாகவே தம் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாரத்தை அன்று மாலையே கிழித்துப் போட்டேன். இந்தப் பருவம் தொடங்கியதும் விரிவுரையாளரிடம் போய், "என்னை அஞ்சலை என்றே கூப்பிடுங்கள்" என்றேன். "முதல் நாளே அப்படித்தானே கூப்பிட்டேன்?" என்றார் அவர்.

மாணவ நண்பர்களே, இந்த வாரக் கடைசியில் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கொள்ளுப்பாட்டிகள் நால்வரின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். அப்பா வழியில் இருவர், அம்மா வழியில் இருவர். எனக்கு மூன்று பெயர்கள்தான் கிடைத்தன. நான்காவது பெயரைச் சொல்ல எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் இல்லை. உங்களுக்கு நான்கும் கிடைத்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். அவற்றைப் பிள்ளைகளுக்கு வைப்பதும் வைக்காததும் பிறகு நீங்கள் எடுக்கும் முடிவு. முதலில் அந்தப் பெயர்களைக் கூச்சமில்லாமல் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.